தண்டனையும் கணக்கேடும்: போகம்பறையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

பேராதனையிலிருந்து கண்டி நகருக்குப் பேருந்தில் செல்லும் மாணவர் எவரும் போகம்பறை மதிலைக் காணாது செல்ல இயலாது. புகையிரத நிலையத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அண்மையில், நகரின் நெருக்கடிமிக்க வீதியை ஒட்டி, அம்மதில் நீண்டு நிற்கின்றது. 1876 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுப்பிய இச்சிறைச்சாலை, நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் இயங்கியபின் 2014 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலையில் அமைந்த தும்பறைச் சிறைக்கு மாற்றப்பட்டனர். நகரின் நடுவே கிடக்கும் அந்நிலத்தை எவ்வாறு பயன்படுத்தின் வருவாய் மிகும் என்பதே அதன்பின் எழுந்த விவாதம். நிலத்தின் பெறுமதியைக் கணக்கிடப் பலர் முன்வந்தனர். ஆயின் அந்நிலத்தில் நின்ற நிறுவனம் நாட்டுக்கு எத்துணைச் செலவை விளைத்தது, அதற்கு ஈடாக எந்நயத்தைத் தந்தது என்னும் கணக்கை எவரேனும் முறையாகப் பார்த்தனரா? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தண்டனையைச் செலவு-நயப் பகுப்பாய்வுக்கு உட்படுத்துவது இக்காலப் பொருளியலாளர் கண்ட புதுமை என நம்மிற் பலர் எண்ணுவர். 1968 ஆம் ஆண்டு கரி பெக்கர் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் குற்றத்தையும் தண்டனையையும் பொருளியல் நோக்கில் ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கமாகப் பேசப்படுகின்றது. குற்றம் விளைக்கும் நட்டம், குற்றவாளியைப் பிடிப்பதற்கும் விசாரிப்பதற்கும் ஆகும் செலவு, தண்டனை நிறைவேற்றும் செலவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும் கொள்கையே சிறந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால் இச்சிந்தனையின் வேர் அதற்கும் இரு நூற்றாண்டுகள் முந்தியது. 1764 இல் இத்தாலியரான பெக்காரியா, தண்டனையின் கடுமையைவிட அது தவறாது வந்துசேரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என வாதிட்டார். அவர்வழி நின்ற ஆங்கிலேயரான ஜெரமி பெந்தம், இன்பத்தையும் துன்பத்தையும் எடைக்கல்லில் வைத்து நிறுக்கும் ஒரு சட்டவியலையே வகுத்தார். தண்டனை என்பது தன்னளவில் ஒரு தீமை. அதனிலும் பெரிய தீமையை அது தடுக்குமாயின் மட்டுமே அதற்கு நியாயம் உண்டு. இதுவே பெந்தத்தின் நிலைப்பாடு.

இப்பெந்தத்துக்கும் நமது மலைநாட்டுக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. 1829 இல் இலங்கை நிருவாகத்தை ஆராய அமர்த்தப்பட்ட கோல்புறூக்-கமறன் ஆணைக்குழுவை நாம் பாடசாலை வரலாற்று நூல்களிற் படித்திருக்கிறோம். அக்குழுவில் நீதித்துறையை ஆராய்ந்த சாள்ஸ் ஹே கமறன் பெந்தத்தின் நேரடிச் சீடர்களுள் ஒருவர். 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் அவரது விதப்புரையின் விளைவாகும். கண்டிப் பிரதேசத்துக்கெனத் தனியாயிருந்த நீதி அமைப்பு மறைந்து, தீவு முழுமைக்கும் ஒரே உயர்நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றங்களும் ஏற்பட்டன. பின்னர் இந்தியாவில் மெக்காலேயுடன் சட்ட ஆணைக்குழுவிற் பணிபுரிந்தவரும் இவரே. அக்குழு வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே நமது 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை எழுந்தது. முதுமையில் கமறன் தம் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கே 1875 இல் திரும்பி வந்தார். அதாவது போகம்பறை மதில் நிறைவுற்ற வேளையில் பெந்தத்தின் அம்முதிய சீடர் இத்தீவிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். 1880 இல் இறந்த அவரும், புகைப்படக் கலையிற் புகழ்பெற்ற அவர் மனைவி யூலியாவும் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். அவ்வழியே செல்லும் நம் மாணவர் ஒருமுறை அங்கு இறங்கிப் பார்ப்பது தகும்.

ஆங்கிலேயருக்கு முன் கண்டியில் தண்டனை எவ்வாறிருந்தது என்பதை விரிக்க இங்கு இடமில்லை. 1814 இல் எகலப்பொலையின் குடும்பத்தார் கொல்லப்பட்டமையும், அவர் மனைவி போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. 1815 ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தம் சித்திரவதையையும் உறுப்புச் சிதைத்தலையும் தடைசெய்தது. ஆள்பதியின் எழுத்தாணையின்றி மரணதண்டனை நிறைவேறலாகாது எனவும் விதித்தது. புதிய ஆட்சி தன்னை இரக்கமுள்ள ஆட்சியாகக் காட்டிக்கொண்ட இடங்களுள் இது முதன்மையானது. அவ்விரக்கம் உண்மையானதா என்று ஆராய்வதிலும், அது எவ்வளவு தூரம் சென்றது என்று ஆராய்வதே பயனுடைத்து.

அதற்குச் சான்று தேடி நாம் தோட்டங்களுக்குச் செல்லவேண்டும்.

கோல்புறூக் குழுவின் விதப்புரைப்படி 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு பொருளாதார வளர்ச்சிக்குத் தடை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒன்பது ஆண்டுகள் கழியவில்லை. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கோப்பிச் செய்கை பெருகவே, 1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. வேலைக்காரரும் கூலியாட்களும் தம் ஒப்பந்தத்தை மீறுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இச்சட்டம் பின்னர் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகத் திருத்தித் தொகுக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத் தொழிலாளரின் தலைமேல் நின்றது. சொல்லாமல் வேலையை விட்டுச் செல்லுதல், வேலைக்கு வராதிருத்தல் போன்றவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறையும், ஐந்து பவுண், அதாவது பின்னாளைய நாணயத்தில் ஐம்பது ரூபா, வரை தண்டப்பணமும் விதிக்கலாம். ஒப்பந்த மீறல் பொதுவாகக் குடியியல் வழக்கு. கண்டி மலைகளில் அது குற்றவியல் வழக்கு.

ஐம்பது ரூபா என்பதன் பொருளை உணர ஒரு சிறு வகுத்தல் போதும். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தோட்டத்து ஆண் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஏறத்தாழ முப்பத்துமூன்று சதம். ஆகவே உச்சத் தண்டப்பணம் நூற்றைம்பது நாளைய உழைப்புக்குச் சமம். உண்ணாமலும் உடுக்காமலும், ஒருநாளேனும் நோயுறாமலும், ஐந்து மாதம் உழைத்தால் அத்தொகை சேரும். செலுத்தவியலாதவர் செல்லுமிடம் சிறை. எனவே சட்டத்தில் இரு வழிகள் எழுதப்பட்டிருந்தும் தொழிலாளிக்கு வாய்த்தது பெரும்பாலும் ஒரே வழியாகும். எசமானுக்கெதிராகக் கூலிக்கு முறையிடும் வழியும் ஏட்டில் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஆனால் முறையிடச் செல்பவர் ஒருநாள் வேலையை விட்டே நீதிமன்றம் செல்லவேண்டும். அப்படி அனுமதியின்றிச் செல்வதே குற்றமாகக் கொள்ளத்தக்கது! இத்தகைய உரிமையைச் சட்டப் புத்தகத்திற் பார்த்து மகிழலாமேயன்றி வேறு பயனில்லை.

இனி இச்சட்டத்தைச் செலவு-நயத் தராசில் வைப்போம். துரை ஒருவர் தம் தோட்டத்திலிருந்து ஓடிய தொழிலாளியைப் பொலிஸ் நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்புகிறார் எனக் கொள்வோம். சிறையிலிருப்பவர் கொழுந்து பறிக்கமாட்டார், கவ்வாத்து வெட்டமாட்டார். ஆகவே அவ்வொரு தொழிலாளியைப் பொறுத்தமட்டில் துரைக்கு நட்டமே. அவ்வாறாயின் ஏன் வழக்குத் தொடரவேண்டும்? எஞ்சி நிற்கும் இருநூறு முந்நூறு பேருக்கு அச்சம் ஊட்டுவதற்கு. ஒருவரின் மூன்று மாத உழைப்பைத் துறந்து முந்நூறு பேரின் கூலியை உயராது தடுத்துக்கொள்வது இலாபமான வியாபாரம். மேலும் அடுத்த தோட்டத்திற் கூலி கூடுதலாகக் கிடைப்பினும் தொழிலாளி நகரமுடியாது. இத்தகைய அச்சத்தை உண்டாக்குவதற்கான செலவில் துரையின் பங்கு மிகச் சிறியது. சிறைக் காவலரின் சம்பளம், கைதியின் உணவு, நீதவானின் ஊதியம், மதில் கட்டிய கல் ஆகிய யாவும் பொதுவருமானத்திலிருந்து வந்தவை. உப்பு வரியும் நெல் வரியும் செலுத்திய ஏழைக் கிராமத்தவரின் பணமும் அப்பொதுவருமானத்தில் அடங்கும். செலவு ஊரார் தலையில், நயம் ஒரு சாரார் கையில். பெந்தத்தின் தராசு இங்கு பிழைத்ததாகச் சொல்லமுடியாது. தராசைப் பிடித்த கை எது என்பதே கேள்வி. தொழிலாளியின் துன்பம் அத்தராசின் எத்தட்டிலும் வைக்கப்படவில்லை.

சட்டத்துக்குத் துணையாக நின்றது துண்டு முறை. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவரை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு தன் கூட்டத்துக்கு வேறு தோட்டம் தேடுவார். புதிய துரை கடனைச் செலுத்துவார். கடன் மட்டும் தொழிலாளியை விட்டு நீங்காது, புதிய ஏட்டில் ஏறிக்கொள்ளும். தெல்தோட்டைப் பக்கத்தில் வளர்ந்த என் அம்மாயி தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது, “துண்டு இருந்தாத்தான் ரோட்டுல எறங்க முடியுமாம், இல்லாட்டி பொலிசு புடிச்சுக்குமாம்” என்பார். சட்ட நூல்களில் நான் பின்னர் பக்கம் பக்கமாகப் படித்ததை அம்மாயி ஒரே வரியிற் சொல்லிவிட்டிருந்தார் என்பதை இங்கு குறிப்பிடுவது மிகையாகாது.

இவ்வமைப்பு வீழ்ந்தது எவ்வாறு? சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் சட்டத்தின் சிறைத்தண்டனைப் பிரிவுகளுக்கெதிராக இடைவிடாது வாதிட்டார். 1919 இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகத்தையும் நிறுவினார். இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் வலுத்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. அக்காலத்தை ஒட்டியே ஒப்பந்த மீறலுக்கான சிறையும் மறைந்தது. அறவுணர்வு வென்றது என எழுத ஆசைதான். ஆயினும் கணக்கும் அங்கு தொழிற்பட்டது. கடன் தொகைகள் துண்டுகளில் ஏறிக்கொண்டே சென்று, ஆட்களைப் பெறுவதற்குத் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டுப் பெரும்பணம் முடக்கவேண்டிய நிலை தோன்றியிருந்தது. இந்திய அரசு குடிபெயர்வை நிறுத்திவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. பழைய ஏற்பாட்டின் செலவு துரைமாரின் சொந்த ஏட்டிலேயே ஏறத்தொடங்கியபோதுதான் அவர்கள் சீர்திருத்தத்துக்கு இசைந்தனர். இவ்வுண்மை அருணாசலத்தின் பெருமையைக் குறைப்பதன்று. அவர் வாதம் செவியில் விழுந்த காலத்தை அது விளக்குகின்றது.

மரணதண்டனைக்கு வருவோம். போகம்பறை வெலிக்கடையோடு தூக்குமேடை கொண்டிருந்த சிறையாகும். அதற்கு முன்பே, 1864 மே மாதத்தில், உத்துவான்கந்தைச் சரதியேலும் அவர் தோழர் மம்மலே மரைக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். கூட்டம் திரண்டு பார்த்த அக்காட்சியின் பயன் அச்சுறுத்தலே எனக் கருதப்பட்டது. ஆனால் சரதியேல் இன்று மாவனல்லைப் பகுதியில் அச்சத்தின் சின்னமாக அன்றி வீரத்தின் சின்னமாகவே நினைக்கப்படுகிறார். அச்சுறுத்தலின் நயத்தை மதிப்பிடுவோர் இத்தகைய எதிர்விளைவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

தூக்கு உண்மையிலேயே கொலையைத் தடுக்கின்றதா என்பதை ஆராய்வதற்கு உலகில் வேறெந்த நாட்டுக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வாய்ப்பு இலங்கைக்கு வாய்த்தது. 1956 இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு தூக்குத்தண்டனையை நிறுத்திவைத்தது. 1958 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு மூன்றாண்டுக்கால வடிவம் கொடுத்தது. இவ்விடைக்காலத்தின் அனுபவத்தை ஆராய ஓர் ஆணைக்குழு அமர்த்தப்பட்டது. அவுஸ்திரேலியக் குற்றவியலறிஞர் நோவல் மொறிஸ் அதன் தலைவர். நமது பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் த. நடராசா உறுப்பினருள் ஒருவர். கொலைகளின் தொகை பல ஆண்டுகளாக எவ்வாறு ஏறி இறங்கிற்று, தூக்கிலிடப்பட்டோர் தொகையோடு அதற்குத் தொடர்புண்டா, இடைநிறுத்தத்தின்பின் மாற்றம் ஏற்பட்டதா என்றெல்லாம் குழு ஆராய்ந்தது. இடைநிறுத்தத்தால் கொலை மிகுந்தது எனக் கொள்ள ஆதாரமில்லை என்பது அதன் முடிவு. இடைநிறுத்தம் தொடரவேண்டும் என அது விதந்துரைத்தது. அறிக்கை 1959 இல் வெளிவந்தது. தண்டனைக் கொள்கையை உணர்ச்சியால் அன்றிச் சான்றால் தீர்மானிக்க முயன்ற அக்குழு, தென்னாசியாவில் அத்துறைக்கு முன்னோடி எனலாம்.

அவ்வாண்டு செப்டெம்பர் 26 ஆந் திகதி, முந்தைய நாள் சுடப்பட்ட பிரதமர் பண்டாரநாயக்க உயிர்துறந்தார். தூக்கை நிறுத்தியவரே கொலையுண்டார். நாடு கொதித்தது. தகநாயக்க அரசு டிசெம்பர் மாதத்தில் மரணதண்டனையை மீட்டது. நடந்து முடிந்த அக்கொலைக்கும் பொருந்துமாறு பின்னோக்கிய வலுவும் கொடுத்தது. விரைவில் வரைந்த சட்டத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. கொலைக்கு அது பின்னோக்கிச் செல்லும், கொலைச் சதிக்குச் செல்லாது என மேன்முறையீட்டில் முடிவாயிற்று. சுட்டவர் 1962 யூலையில் தூக்கிலிடப்பட்டார். சதி செய்தமைக்காக மரணதண்டனை பெற்ற இருவர் ஆயுட்சிறையோடு தப்பினர். மொறிஸ் அறிக்கையின் எண்களில் அந்த மூன்று மாதத்துள் ஒன்றேனும் மாறவில்லை. மாறியது மக்களின் மனநிலை. கணக்கு எத்துணைச் செம்மையாயினும் ஒரு துப்பாக்கி வேட்டின்முன் அது நில்லாது என்பதை நம் வரலாறு இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதே வினா 1975 இல் எழுந்தது. ஐசாக் ஏர்லிக் என்பவர் ஒவ்வொரு தூக்கும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுப்பதாகப் புள்ளிவிவரங் கொண்டு எழுதினார். அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு 1978 இலும், அதன் ஆய்வுப் பேரவையின் குழு மீண்டும் 2012 இலும் இவ்வகை ஆய்வுகளைப் பரிசீலித்து, இவற்றை வைத்துக் கொள்கை வகுக்கலாகாது எனக் கூறின. எண்கள் பொய் சொல்வதில்லை என்போர், எண்களைச் சொல்ல வைப்போரை நினைவிற் கொள்வாராக.

கண்டியின் கதை 1975 ஆகஸ்ட் 5 ஆந் திகதியிற் கொடிய ஒரு பக்கத்தை எழுதிற்று. மருசிரா என நாடறிந்த கைதி அன்று போகம்பறையில் தூக்கிலிடப்பட்டார். மயக்க மருந்தின் பிடியில், தானே நிற்கமுடியாத நிலையில் அவர் மேடைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தூக்கு முறையாக அமையாமையால் உயிர் உடனே பிரியவில்லை. பின்னர் விசாரணையும் நடந்தது. அடுத்த ஆண்டு, 1976 யூன் 23 ஆந் திகதி நிறைவேறியதே இந்நாட்டின் இறுதித் தூக்கு. சட்டத்தில் மரணதண்டனை நீக்கப்படவில்லை. நீதிமன்றங்கள் விதித்தன, சனாதிபதிகள் நிறைவேற்றாது விட்டனர். 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொலையுண்டபோது மீண்டும் தூக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. வரவில்லை. 2019 இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையில் அன்றைய சனாதிபதி ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரு வேளையிலும் 1959 ஆம் ஆண்டின் அறிக்கையை எடுத்துப் புரட்டியோர் தொகை மிகச் சிறிதாகவே இருந்திருக்கும் என எண்ணுகிறேன்.

தூக்குமேடை நம் கவனத்தை ஈர்க்கின்றது. அதனால் சிறையின் அன்றாடம் மறைந்துபோகின்றது. இந்நாட்டுச் சிறைகளுக்குத் தண்டனை பெற்று வருவோருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் நெடுங்காலமாகவே கொலைஞரோ கொள்ளையரோ அல்லர். தண்டப்பணம் கட்டவியலாதவர் அவர். கசிப்பு வைத்திருந்தமை போன்ற சிறு குற்றங்களுக்கு நீதவான் தண்டம் விதிப்பார். பணமுள்ளவர் கட்டிவிட்டு அன்றே வீடு திரும்புவார். இல்லாதவர் சிறை புகுவார். அரசுக்கு வரவேண்டிய தொகை வாராது போகின்றது. அதற்குமேல் அவரைக் காத்து உணவளிக்கும் செலவும் அரசின்மேல் விழுகின்றது. வீட்டிலோ உழைப்பவர் இல்லை. பெந்தமோ பெக்கரோ இன்றி, கடைச் சிட்டை எழுதத் தெரிந்த எவரும் இதனை நட்டக் கணக்கு என்பார். 1865 ஆம் ஆண்டின் ஐம்பது ரூபாவுக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. தண்டப்பணம் என்பது செல்வருக்குக் கட்டணம், ஏழைக்குச் சிறை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறு குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாது பொதுவேலையில் ஈடுபடுத்த நீதவானுக்கு வழிவகுத்தது. மதிலற்ற திறந்தவெளிச் சிறைமுகாம் ஒன்று பல்லேகலையிலேயே இருந்துவந்துள்ளது. செலவு-நயக் கணக்கை நேர்மையாகப் பார்ப்பின் இத்தகைய வழிகளே முன்னிற்கும். ஆதலால் மனிதாபிமானம் பேசும் நம்மவருட் சிலர் கணக்கையே பகையாகக் கருதுவது பொருந்தாது. 1959 இல் கணக்கு உயிரின் பக்கம் நின்றது, அறச்சினமே கயிற்றைக் கேட்டது. 1865 இல் கணக்கு துரையின் பக்கம் நின்றது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துத் தள்ளிவிடுதல் வரலாற்று மாணவருக்கு அழகன்று. எந்த ஏட்டில் எவருடைய செலவு எழுதப்படாமல் விடப்பட்டது என்று தேடுவதே அவர் பணி.

போகம்பறை மூடப்பட்டமையையும் அவ்வாறே நோக்கலாம். நெரிசல் மிகுந்த பழைய கட்டடத்திலிருந்து கைதிகள் வெளியேறியமை நன்றே. நகருக்கு விலையுயர்ந்த நிலம் கிடைத்தது. ஆயின் அட்டனிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ மகனைப் பார்க்க வரும் தாய், முன்னர் புகையிரதத்தை விட்டிறங்கிச் சில நிமிடம் நடந்து மதிலை அடைந்தார். 2014 இன் பின் கண்டியிலே இறங்கி, இன்னொரு பேருந்து பிடித்துப் பல்லேகலை வரை செல்லவேண்டியதாயிற்று. ஒருநாட் பேர் போய்விடும், அதனோடு அன்றைய கூலியும் போய்விடும். மதிலுக்கு வெளியே பொட்டலத்துடன் காத்துநின்றவர்களை நான் சிறுவயதிற் பேருந்துச் சன்னலூடாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நின்ற அந்நடைபாதை இப்போதும் இருக்கின்றது.